கழுத்தில் தொங்கும் அந்தச் சாமான்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸின் ‘பூனையும் எலியும்’ குறுநாவலை ஜெர்மன் வகுப்புக்காகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 1967ல் அது படமாக வந்தது என்றும், ஜெர்மன் வெளியுறவு அமைச்சரின் மகன் ராணுவப் பதக்கம் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீச்சல் ஜட்டியோடு ஆடியதால் நாடே கொதித்தது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஒரு பதக்கத்துக்கா இவ்வளவு ரகளை? மந்திரி மகன் என்பதால்தானே?” என்று கேட்கிறீர்கள். கூடவே படம் பார்க்கத் தகுந்ததா என்று ஒரு துணைக் கேள்வி. முதல் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் காட்சி புத்தகத்தில் 1961லிருந்தே இருக்கிறது, அதுவும் படத்தில் இருப்பதைவிடப் பச்சையாக. அச்சில் கிடந்தபோது வராத கோபம் திரையில் வந்தவுடன் ஏன் வந்தது? இதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் குறுநாவலை மேல்நிலை வகுப்புகளுக்கு ஏழெட்டு முறை நடத்தியிருக்கிறேன். திரைப்படச் சங்கங்களில் உட்கார்ந்து பழைய ஜெர்மன் படங்கள் பார்ப்பது பொழுதுபோக்கு. ஆக, மொழி பற்றியும் நாவல் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். படத்தைப் பற்றிச் சொல்வது ஒரு ரசிகனின் கருத்து. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

கதையை நீங்கள் பாதிதான் படித்திருக்கலாம். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற கதை இல்லை என்பதால் சொல்கிறேன். இடம் டான்சிக், இன்றைய போலந்தின் க்டான்ஸ்க். அதன் புறநகர் லாங்ஃபூரில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. கடலில் கொஞ்ச தூரத்தில் போலந்துக் கடற்படையின் கண்ணிவெடி வாரும் கப்பல் ஒன்று பாதி மூழ்கிக் கிடக்கிறது. பையன்கள் நீந்திப் போய் அதன் மேல்தளத்தில் கிடந்து வெயில் காய்கிறார்கள், கடற்காகத்தின் காய்ந்த எச்சத்தைச் சுரண்டி வாயில் போட்டு மென்று துப்புகிறார்கள். யோவாகிம் மால்கெ என்ற பையன் மட்டும் கப்பலுக்குள் முங்கி ஏதாவது எடுத்து வருகிறான். அவனுக்கு ஒரு குறை: குரல்வளை முடிச்சு, ஊர்ப்பக்கம் சங்கு என்போமே அது, அளவுக்கு மீறிப் பெரியது. விழுங்கும்போதெல்லாம் மேலும் கீழும் ஓடுகிறது. முதல் பக்கத்திலேயே ஒரு பூனை அதை எலி என்று நினைத்துப் பாய்கிறது. பூனையைப் பிடித்துக் கழுத்தில் விட்டது யார்? கதை சொல்லும் பிலென்ஸ் இதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. நானாக இருக்கலாம், இன்னொருவனாக இருக்கலாம் என்று நழுவுகிறான். அந்த நழுவலுக்குக் கடைசியில் வருகிறேன்.

மால்கெ அந்தக் கழுத்தை மறைக்கப் படாத பாடு படுகிறான். ஸ்க்ரூடிரைவரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறான். மாதா உருவம் பொறித்த வெள்ளிப் பதக்கம், டின் ஓப்பனர், உல்லன் குஞ்சம், கழுத்துக்குட்டையில் குத்திய பெரிய ஊக்கு என்று ஒவ்வொன்றாக வந்துபோகின்றன. எதுவும் போதவில்லை. ஒரு நாள் பள்ளியின் பழைய மாணவர், விமானப்படை அதிகாரி ஒருவர், பேச வருகிறார். அவர் கழுத்தில் ரிட்டர்க்ராய்ஸ் தொங்குகிறது. இரும்புச் சிலுவை விருதுகளில் கழுத்தில் அணிகிற உயர்ந்த வகை அது. ஹிட்லர் 1939 செப்டம்பர் 1 அன்று, போலந்தின் மேல் படையெடுத்த அதே நாளில், ஏற்படுத்தியது. அடுத்து ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தளபதி வருகிறார், அவர் கழுத்திலும் அது. தன் கழுத்துக்குச் சரியான மூடி எது என்று மால்கெக்குப் புரிந்துவிடுகிறது. தளபதி உடற்பயிற்சிக் கூடத்தில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மாணவர்களோடு பயிற்சி செய்யும் நேரத்தில், உடைமாற்றும் அறையில் அந்தப் பதக்கம் காணாமல் போகிறது.

இந்த இடத்தில் மொழி வாத்தியாராகக் கொஞ்சம் நின்றுகொள்கிறேன், விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் சிப்பாய்கள் பேச்சில் ‘ஹால்ஸ்ஷ்மெர்ட்சன்’ என்று ஒரு கிண்டல் உண்டு. நேர்ப்பொருள் தொண்டை வலி. பதக்க ஆசையில் தன் ஆட்களைச் சாகக் கொடுக்கத் தயங்காத அதிகாரியைப் பார்த்து, “அவருக்குத் தொண்டை வலி” என்பார்கள். கழுத்தில் அது தொங்கினால்தான் வலி தீரும் என்று அர்த்தம். கிராஸ் இந்த ஒரு வரிக் கிண்டலை எடுத்து ஒரு பையனின் உடம்பாக்கிவிட்டார். மால்கெக்கு நிஜமாகவே தொண்டைதான் பிரச்சினை.

இன்னொன்று. கதை முழுக்கப் பிலென்ஸ் அந்தப் பதக்கத்தின் பெயரைச் சொல்வதைத் தவிர்க்கிறான். மிட்டாய் என்கிறான், பொருள் என்கிறான், ‘டிங்ஸ்லாம்டை’ என்று அர்த்தமில்லாத ஒரு ஒலியைப் போடுகிறான். வகுப்பில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ‘இது’, ‘அந்த வஸ்து’ என்று சிலர் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாக, “சார், சாமான்?” என்றார். வகுப்பே குனிந்துகொண்டு சிரித்தது. நான் அவருக்குக் கை கொடுத்தேன். கிராஸ் எதிர்பார்ப்பது அந்தச் சிரிப்பைத்தான். பெயர் சொல்லக் கூச்சப்படுகிற பொருள் என்றால் மனசு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். திருடிய பதக்கத்தை மாட்டிக்கொண்டு மால்கெ கப்பல் தளத்தில் ஆடும் காட்சியில் நாவலில் அவன் உடம்பில் வேறு துணியே இல்லை. வீரத்தின் உச்ச அடையாளமும் பருவம் வந்த பையனின் கூச்சமும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. ஆனால் பெயர் மட்டும் இல்லை. பெயர் இல்லாததால் வாசகனுக்கு ஒரு வசதி இருக்கிறது: அது அந்தக் கதையின் பதக்கம், அந்தப் பையனின் பதக்கம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகலாம்.

சினிமாவுக்கு அந்த வசதி கிடையாது. கேமராவால் ‘டிங்ஸ்லாம்டை’ என்று சொல்ல முடியாது. ஒரு பதக்கத்தைத் தொங்கவிட்டே ஆக வேண்டும், தொங்கவிட்ட மறுநிமிடம் அதற்குப் பெயர் வந்துவிடும். நான் உறுதியாக நினைப்பது இதைத்தான்: எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை இயக்குநர் காட்ட வேண்டி வந்தது, சண்டை அங்கே தொடங்கியது. படத்தில் பையனுக்கு நீச்சல் ஜட்டி இருக்கிறது. நாவலைவிட அடக்கமான காட்சி. ஆனாலும் அதுதான் வெடித்தது.

இதைப் புரிந்துகொள்ள 1967ல் அந்தப் பதக்கத்தின் நிலைமை தெரிய வேண்டும். நாம் நினைப்பதுபோல அது அருங்காட்சியகத்தில் கிடந்த நாஜிக் காலப் பொருள் இல்லை. 1955ல் மேற்கு ஜெர்மனி புதிய ராணுவத்தை அமைத்தது. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கு வேறு எங்கே போவது? பழைய ராணுவத்தில் இருந்தவர்கள்தான் வந்தார்கள், அவர்களில் ரிட்டர்க்ராய்ஸ் வாங்கியவர்களும் உண்டு. 1957ல் ஒரு சட்டம் வந்தது: போர்க்காலப் பதக்கங்களை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் இருக்கக்கூடாது. அதனால் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலையை வைத்துப் புதிதாகச் செய்து மாட்டிக்கொண்டார்கள். அதாவது, குடியரசின் சட்டப்படி, குடியரசின் சீருடை மேல், பகிரங்கமாக அணியப்பட்ட பொருள் அது. அதை வாங்கியவர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. படத்தின் மேல் பாய்ந்தவர்களில் அவர்களும் உண்டு. திரையில் ஒரு பையன் அதை நீச்சல் ஜட்டியோடு ஆட்டிக் காட்டுகிறான் என்றால், பார்க்கிறவர் ஹிட்லரைக் கேலி செய்ததாக எடுத்துக்கொள்ளவில்லை, தன் கழுத்தைக் கேலி செய்ததாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் புத்தகம் நிம்மதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1962ல் ஹெஸ்ஸன் மாநில அமைச்சகம் ஒன்று, இதை இளைஞர்களுக்குக் கேடு விளைவிக்கும் நூல்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அதற்கான மத்திய அமைப்புக்கு விண்ணப்பம் போட்டது. எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் எதிர்த்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். கவனித்தீர்களா, அப்போதைய புகார் ஆபாசம் பற்றியது. கப்பல் தளத்தில் பையன்கள் சுயஇன்பப் போட்டி நடத்தும் காட்சி ஒன்று உண்டு, உங்கள் வகுப்பில் வாத்தியார் வேகமாகப் புரட்டியிருப்பாரே அந்தப் பக்கம். ஐந்து வருடம் கழித்து அதே கதைக்கு எதிராக எழுந்த புகாரில் ஆபாசம் பின்னால் போய், மானம் முன்னால் வந்துவிட்டது.

இப்போது மந்திரி மகன் விஷயம். உங்களுக்குக் கிடைத்த தகவலில் ஒரு சின்னத் திருத்தம்: நடித்தவர்கள் இரண்டு மகன்கள். அந்த மந்திரி வில்லி பிராண்டின் மூத்த மகன் பேட்டர் வளர்ந்த மால்கெயாகவும், அடுத்தவர் லார்ஸ் இளைய மால்கெயாகவும் நடித்தார்கள். ஜட்டியும் பதக்கமுமாக ஆடியவர் லார்ஸ். இன்னொரு திருத்தமும் உண்டு, அது கொஞ்சம் முக்கியம். 1966ல் படப்பிடிப்பு நடந்த நேரத்தில் பிராண்ட் மந்திரி இல்லை, மேற்கு பெர்லினின் மேயர். அந்த டிசம்பரில்தான் பெரிய கட்சிகள் இரண்டும் கூட்டணி சேர, துணைப் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். மேயர் மகனாகப் படப்பிடிப்புக்குப் போன பையன் திரைக்கு வரும்போது மந்திரி மகனாகிவிட்டான்.

சாதாரண மந்திரி என்றாலும் பரவாயில்லை. பிராண்ட் 1933ல் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்குப் போனவர். பிறந்தபோது வைத்த பெயர் வேறு, ஃப்ராம் என்பது குடும்பப் பெயர். தலைமறைவு வாழ்க்கையில் வைத்துக்கொண்ட பெயர்தான் பிராண்ட். 1961 தேர்தலில் பிரதமர் அடெனவர் மேடையில் அவரை “பிராண்ட் என்கிற ஃப்ராம்” என்று குத்தினார். போலீஸ் குற்றவாளியைச் சொல்வதுபோல. பவேரியத் தலைவர் ஷ்ட்ராவுஸ், அந்தப் பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் போர்முனையில் இருந்தோம், நீ ஓடிப்போனாய் என்பதுதான் உள்ளர்த்தம். அந்த மனிதரின் மகன் போர்முனைப் பதக்கத்தோடு ஆடினால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? இதற்கு மேல், கிராஸ் பிராண்டின் நண்பர், அவருக்காகத் தேர்தல் பிரச்சாரம் செய்தவர். அதே கூட்டணி அரசின் பிரதமர் கீஸிங்கரோ முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர். 1966 நவம்பரில் ஹெஸ்ஸனிலும் பவேரியாவிலும் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி சட்டமன்றத்துக்குள் நுழைந்திருந்தது. எல்லாம் ஒரே குளிர்காலத்தில். பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

அரசு மானியம் வாங்கிய படம் என்பதால் விவகாரம் உள்துறை அமைச்சகம் வரை போனது; கொடுத்த பணத்தைத் திருப்பித் தா என்ற பேச்சும் வந்தது. ஆக, மந்திரி மகன் என்பதால்தானா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தீ பரவியதற்குக் காரணம் அது, ஆனால் விறகு முன்பே அடுக்கி வைத்திருந்தது. யாரோ முகம் தெரியாத பையன் நடித்திருந்தாலும் பதக்கக்காரர்கள் கோபப்பட்டிருப்பார்கள். தலைப்புச் செய்தியாகி இருக்காது. இரண்டாவது பாதி என் ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை.

எதிர்த்தவர்கள் எல்லோரும் பழைய நாஜிகள் என்று எளிதாக முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. அதற்குக் காரணம் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவர். ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர், ஜெர்மனியில் இருக்கும் மருமகளோடும் பேரனோடும் பேச வேண்டும் என்று அறுபது வயதில் கற்றுக்கொள்ள வந்தார். இந்தக் காட்சியை நடத்தியபோது முகம் இறுகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் வந்து, “சார், அந்தப் போர் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த மெடலுக்காக ஒருத்தன் காலை விட்டுட்டு வந்திருப்பான். அவன் எதிர்ல இப்படி ஆடக்கூடாது” என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் நாவலின் பின்பகுதியைப் படித்தோம். பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட மால்கெ ராணுவத்தில் சேர்ந்து, டாங்கிப் படையில் ரஷ்யர்களின் டாங்கிகளை வரிசையாகத் தகர்த்து, அதே பதக்கத்தை இந்த முறை முறையாகவே வாங்கி வருகிறான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: பழைய பள்ளி மேடையில் ஏறி மாணவர்களுக்கு முன் பேச வேண்டும், அந்தத் தளபதிகள் பேசியதுபோல. தலைமையாசிரியர் க்ளோஸே மறுக்கிறார். அன்றைக்குத் திருடினாய், இந்தப் பள்ளியின் பெயர் என்னாவது என்கிறார். மால்கெ உடைந்துபோகிறான், ராணுவத்துக்குத் திரும்ப மறுக்கிறான். சுபேதார் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, “மெடலை இவன் கேலி பண்ணல சார். இவன்தான் அதை நம்பினவன். வாத்தியார்தான் கேலி பண்றார்” என்றார். நாவலைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு வரி நான் வகுப்பில் கேட்டதில்லை.

படத்தின் குறை இங்கேதான் என்று நினைக்கிறேன், இது முழுக்க என் ரசனை. அதன் இயக்குநர் ஹான்ஸ்யூர்கன் போலாண்ட், 1962ல் பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிவித்த ஓபர்ஹவ்ஸன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். புதுசாகச் செய்ய வேண்டும் என்ற துடிப்பு கறுப்பு வெள்ளை ஃபிரேம் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. அவர் எடுத்த பெரிய முடிவு பிலென்ஸைப் பற்றியது. மற்ற பையன்களைப் பையன்களாகவே போட்டுவிட்டு, பிலென்ஸாக மட்டும் நாற்பதைத் தாண்டிய வொல்ஃப்காங் நொய்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞரை நடிக்க வைத்தார். அறுபதுகளின் ஆள் கோட்டும் சூட்டுமாக நாற்பதுகளின் பையன்களுக்கு நடுவே நிற்கிறார். நினைவுகூர்கிறவன் நினைவுக்குள்ளேயே சிக்கிக்கிடக்கிறான் என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லிவிட்டது அந்த ஏற்பாடு. நாவலில் பிலென்ஸ் மால்கெயை ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, வாக்கியத்தின் நடுவில் ‘நீ’ என்று மாறிவிடுவான். செத்தவனோடு பேசுவதுபோல இருக்கும். அந்த ‘நீ’யைத் திரையில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

நொய்ஸைப் பற்றி ஒரு குட்டிக் கதை, விடமனசில்லை. 1962ல் ஜெர்மனி முழுக்கத் தெருவெல்லாம் வெறிச்சோடிப் பார்த்துக்கொண்டிருந்த துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கொலைகாரன் யார் என்பதை, கடைசிப் பகுதி வருவதற்கு முன்பே செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துப் போட்டு உடைத்துவிட்டார். தேசத்துரோகி என்றே திட்டினார்கள். தொடரின் பெயர் ‘கழுத்துக்குட்டை’. மனிதருக்கும் கழுத்துக்கும் ஏதோ ராசி.

சரி, குறைக்கு வருகிறேன். நொய்ஸ் நிற்கும் ஒவ்வொரு காட்சியிலும் கிண்டல் தானாக ஏறிவிடுகிறது. மால்கெ பதக்கத்தை எவ்வளவு உயிராக நம்பினான் என்பது மங்கிப்போகிறது. கேலிப் படம் என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு அப்படியே தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பிராண்ட் பையன்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, அது தெரிகிறது. ஆனால் லார்ஸின் அந்த விறைப்பு மால்கெக்குப் பொருந்தத்தான் செய்கிறது. பேட்டர் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார், லார்ஸ் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் போனார். வேடிக்கை என்னவென்றால், இதில் நடிக்காத கடைசித் தம்பி மத்தியாஸ்தான் இன்று ஜெர்மனி அறிந்த பெரிய நடிகர்.

படப்பிடிப்பு நிஜமான க்டான்ஸ்கில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது மேற்கு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் தூதரக உறவுகூடக் கிடையாது, அது 1972ல்தான் வந்தது. போருக்குப் பிறகு போலந்துக்குப் போய்விட்ட தங்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று சங்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேற்கு ஜெர்மனியில் நிறைய. அவர்கள் கண்முன் ஒரு ஜெர்மன் படக்குழு போலந்துக்காரர்களின் ஒத்துழைப்போடு அங்கே போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறது. மேயரின் பிள்ளைகள் அங்கே நீந்தியிருக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து, 1970 டிசம்பரில், பிரதமராக வார்சா போன பிராண்ட், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவின் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்ல ஆசையாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் இதனால் அது என்று சொல்ல ஆதாரம் இல்லை, தேதிகளை அடுத்தடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிராஸ் படம் என்றாலே எல்லோரும் சொல்வது 1979ல் ஷ்லோண்டார்ஃப் எடுத்த ‘தகர மேளம்’. கான் விழாவில் தங்கப்பனை, பிறகு ஆஸ்கர். அதுவும் டான்சிக்தான், அதிலும் ஒரு பையன்தான்: வளர மறுக்கிற ஓஸ்கர். அதற்கும் சண்டை வந்தது, ஆனால் வேறு மாதிரி. கனடாவின் ஒன்டாரியோவில் 1980ல் தணிக்கைக்காரர்கள் வெட்டச் சொன்னார்கள். 1997ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் போலீஸ் வீடியோ கடைகளிலிருந்தும் ஒருவர் வீட்டிலிருந்தும் கேசட்டைப் பறித்துக்கொண்டு போனது. சிறுவர் ஆபாசப் படம் என்று புகார்; பின்னால் கூட்டாட்சி நீதிமன்றம் அப்படி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஓஸ்கராக நடித்த டேவிட் பென்னென்ட்டுக்குப் படப்பிடிப்பின்போது பதினொன்று, பன்னிரண்டு வயதுதான் இருக்கும், ஆகவே அந்தக் கவலையை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் ஓக்லஹோமாக்காரருக்கு அந்தப் படத்தில் வரும் நாஜிச் சீருடை உறுத்தவில்லை. அது அவர் வீட்டுப் பீரோவில் இருந்ததில்லையே. அன்றைய மேற்கு ஜெர்மன் தலைநகர் பானில் இருந்தவர்களுக்கு இருந்தது.

கடைசியாக 2006ஐச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றி இன்று பேச முடியாது. கிராஸ் தன் தன்வரலாற்றில், பதினேழு வயதில் தான் நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் போர்ப்படையான வாஃபன் எஸ்.எஸ்.ஸின் டாங்கிப் பிரிவில் இருந்ததை ஒப்புக்கொண்டார். நோபல் வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது, போர் முடிந்து அறுபது வருடம் தாண்டியிருந்தது. அத்தனை காலமும் மற்றவர்கள் வாய் திறக்கவில்லை என்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பதக்கக்காரர்கள் எங்களைச் சொன்னாயே என்று கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். ‘பூனையும் எலியும்’ ஒரு மறைமுக வாக்குமூலமா என்று பலர் கேட்கிறார்கள். மால்கெ படித்த கோன்ராடினும் பள்ளியில் கிராஸும் படித்தார், மால்கெ போனது டாங்கிப் படை, கிராஸ் போனதும் டாங்கிப் படை, இதெல்லாம் உண்மை. இதற்கு மேல் வாக்குமூலம் என்று சொல்வது வாசிப்பு, அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று எனக்கே மாறிவிட்டது: 2006க்கு முன் நான் மால்கெயைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு பிலென்ஸைப் படிக்கிறேன்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: நாவலை முதலில் முடியுங்கள், நூறு நூற்றைம்பது பக்கம்தான். பிறகு படத்தைப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம், கிடைத்தால் விடாதீர்கள். நாவலின் கடைசிப் பகுதியைப் படிக்கும்போது பதக்கத்தை விட்டுவிட்டு அந்த டின் ஓப்பனரைப் பின்தொடருங்கள். 1944 ஜூன். மால்கெ ராணுவத்துக்குத் திரும்பவில்லை. ஒளிந்துகொள்ளப் பழைய கப்பலுக்குப் பிலென்ஸோடு படகில் போகிறான். சாப்பிட இறைச்சி டின்கள் எடுத்துக்கொண்டு உள்ளே முங்குகிறான். அவன் போன பிறகுதான் பிலென்ஸ் தன் காலைத் தூக்குகிறான். ஓப்பனர் அவன் காலடியில் இருக்கிறது. மால்கெ மறுபடி மேலே வரவில்லை. 1959ல் ரீகன்ஸ்புர்க்கில் பதக்கம் வாங்கியவர்களின் மாநாடு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பிலென்ஸ் அங்கே போகிறான், வாசலில் நின்று மால்கெ பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்கிறான். படத்தின் மேல் பாய்ந்த அதே வகைச் சங்கம், நாவலின் கடைசிப் பக்கத்தில் முன்பே கூடி உட்கார்ந்திருக்கிறது. பதக்கத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை கடிதம் எழுதினார்களே, அந்தக் காலுக்கடியில் இருந்ததைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததாக நான் படித்ததில்லை.